நாய்க்குக் கட்டி... ‘வயசாகிடுச்சு’ என்று விட்டுவிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போதுதான் பெரும்பாலும் அது கையில் சிக்கும். விலா ஓரத்திலோ, முன்னங்காலின் அக்குளிலோ, அடிவயிற்றிலோ பட்டாணி அளவுக்கு ஓர் உருண்டை. போன மாதமே இருந்ததா, புதிதாக வந்ததா என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தொட்டால் நாய் கத்துவதில்லை. வழக்கம்போல் சாப்பிடுகிறது, வாலை ஆட்டுகிறது. வீடு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ‘கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும், விடு’ என்பது ஒரு கட்சி. ‘கேன்சரா இருக்குமோ?’ என்று கண் கலங்குவது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்கும் பதில் ஒன்றுதான். தடவிப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வீட்டினரால் மட்டுமல்ல, நீண்ட அனுபவம் உள்ள கால்நடை மருத்துவராலும் விரல் நுனியை மட்டும் நம்பி உறுதியாகச் சொல்ல முடியாது. மெத்தென்று இருப்பதெல்லாம் கொழுப்புக் கட்டி இல்லை. கல்போல் இருப்பதெல்லாம் புற்றும் இல்லை.

பயத்தில் எடுக்கும் முடிவும் அலட்சியத்தில் எடுக்கும் முடிவும் நாய்க்கு ஒரே மாதிரியான கெடுதலைத்தான் செய்கின்றன. ‘கேன்சர்’ என்ற சொல்லைக் கேட்டதுமே ‘இனி என்ன செய்து என்ன’ என்று கைவிடப்படும் நாய்களில், சில வார ஊசியில் முழுமையாகக் குணமாகியிருக்கக்கூடிய நாய்களும் உண்டு.

முதலில் பெயர் தெரிய வேண்டும்

உடலின் செல்கள் தேவையில்லாமல் பெருகி ஓரிடத்தில் திரள்வதுதான் கட்டி. அது தான் இருக்கும் இடத்தோடு நின்றுகொண்டால் சாதாரணக் கட்டி. வயதான லேப்ரடார்களுக்கு அடிக்கடி வரும் கொழுப்புக் கட்டி பெரும்பாலும் இந்த வகைதான். பக்கத்துத் திசுக்களுக்குள் வேர் விட்டு, ரத்தம் அல்லது நிணநீர் வழியாக நுரையீரல், கல்லீரல் என்று வேறு இடங்களுக்கும் பரவினால் அது புற்று.

புற்று என்பதும் ஒரே நோய் கிடையாது. தோலில் வருவது வேறு, எலும்பில் வருவது வேறு, நிணநீர்க் கட்டிகளில் வருவது வேறு. ஒன்றுக்கு அறுவை சிகிச்சையே போதும். இன்னொன்றுக்குக் கத்தியே தேவையில்லை, மருந்து போதும். அதனால்தான் ‘கேன்சரா, இல்லையா?’ என்ற கேள்வியோடு நிற்காமல், ‘எந்த வகை, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது?’ என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு முதல் பதிலைத் தருவது ஒரு சின்ன ஊசி. ரத்தம் எடுக்கப் பயன்படுவது போன்ற மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, அதில் ஒட்டிவரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. தடுப்பூசி போடும்போது நாய் எவ்வளவு சிணுங்குமோ, அவ்வளவுதான் இதற்கும் சிணுங்கும். இதில் தெளிவு கிடைக்காவிட்டால், கட்டியின் ஒரு துண்டையோ முழுக் கட்டியையோ எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள்.

எப்போது இந்தச் சோதனை? கட்டி பட்டாணி அளவு, அதாவது சுமார் 1 சென்டிமீட்டர் இருந்து, ஒரு மாதமாகியும் மறையவில்லை என்றால் ஊசி வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது கால்நடைப் புற்றுநோய் மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. வேகமாக வளர்வது, நிறம் மாறுவது, புண்ணாகிக் கசிவது ஆகியவை இருந்தால் அந்த ஒரு மாதமும் காத்திருக்கக் கூடாது.

கட்டி தென்பட்ட அன்றே ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து மொபைலில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதேபோல் ஒரு படம். ‘வளர்ந்த மாதிரி இருக்கு டாக்டர்’ என்று சொல்வதைவிட, அந்த இரண்டு படங்களும் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

நித்தியகல்யாணியும் தெருநாயும்

நம் ஊர்த் தெருக்களில் சுற்றும் நாய்களிடம் அடிக்கடி காணப்படும் புற்று ஒன்று, உலகத்தின் விநோதமான நோய்களில் ஒன்று. அது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும். கிருமியால் அல்ல, புற்று செல்களே நேரடியாக ஒட்டிக்கொண்டு பரவும். இனச்சேர்க்கையின்போதும், ஒன்றையொன்று நக்கும்போதும் மோப்பம் பிடிக்கும்போதும் இது பரவுகிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றிய செல்களின் வாரிசுகள்தான், இன்று உலகம் முழுக்க நாய்களிடம் இந்தக் கட்டியாக வாழ்கின்றன. 1876-ல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி, ஒரு நாயின் கட்டியை இன்னொரு நாய்க்கு மாற்றி வளரச் செய்து காட்டியது இந்தப் புற்றைத்தான். இது மனிதர்களுக்குத் தொற்றாது. வீட்டுப் பிள்ளைகள் நாயைத் தொட்டுவிட்டார்களே என்று பயப்பட வேண்டியதில்லை.

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போன்ற சதை வளர்ச்சி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். இவைதான் இதன் அடையாளம். பெண் நாயிடம் ரத்தத்தைப் பார்ப்பவர்கள் ‘பருவத்துக்கு வந்திருக்கிறது’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆண் நாயிடம் பார்த்தால் ‘மூத்திரக்கடுப்பு’ என்கிறார்கள். பருவகால ரத்தப்போக்கு இரண்டு, மூன்று வாரங்களில் நின்றுவிடும். நிற்காமல் வாரக்கணக்கில் தொடர்ந்தால் காட்டிவிட வேண்டும். சில நாய்களுக்கு இது மூக்கினுள் வந்து, மூக்கிலிருந்து ரத்தம் வடியும்.

இதற்கான மருந்து வின்கிரிஸ்டின். அது எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் ஊரில் நித்தியகல்யாணி என்றும், சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லும் செடியிலிருந்து! மடகாஸ்கரில் தோன்றி உலகமெங்கும் பரவிய இந்தச் செடி, குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கும் மருந்து தருகிறது, தெருநாயின் கட்டிக்கும் மருந்து தருகிறது. வாரம் ஒரு முறை ரத்தநாளத்தில் ஊசி. பெரும்பாலான நாய்களுக்கு 4 முதல் 6 ஊசிகளில் கட்டி முழுக்கக் கரைந்துவிடுகிறது. பரவக்கூடிய புற்றுகளில் இவ்வளவு நன்றாகக் குணமாவது அரிது.

இதில் பலர் செய்யும் பிழை, பாதியில் நிறுத்திவிடுவது. இரண்டாவது ஊசியிலேயே கட்டி சுருங்கிவிடும், ரத்தமும் நின்றுவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்தினால் மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி வளரும். ‘போதும்’ என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பிழை இன்னும் ஆபத்தானது. செடியிலிருந்துதானே மருந்து வருகிறது என்று நித்தியகல்யாணி இலையை அரைத்து ஊட்டுவது. பல நூறு கிலோ காய்ந்த இலையிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் கிராம் கணக்கில்தான் இருக்கும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, மில்லிகிராமில் அளந்து கொடுத்தால்தான் மருந்து. இலையில் மற்ற நச்சுப் பொருள்களும் இருக்கின்றன. அரைத்துக் கொடுத்தால் விஷம்.

தடுக்கக்கூடிய ஒன்று

பெண் நாய்களுக்கு அதிகம் வரும் கட்டி, மடிக் கட்டி. நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடி மடிக் காம்புகள். மார்பிலிருந்து தொடைவரை இரண்டு வரிசை. கட்டி பெரும்பாலும் பின்னால் உள்ள காம்புகளின் அருகே வரும். இவற்றில் ஏறக்குறைய பாதி சாதாரணக் கட்டி, பாதி புற்று.

கருப்பை, சினைப்பை நீக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை இந்தக் கட்டி வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. 1969-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு இந்த வாய்ப்பு, கருத்தடை செய்யாத நாய்களோடு ஒப்பிட்டால் 0.5 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தது என்றது. முதல் பருவத்துக்குப் பின் செய்தால் 8 சதவீதம், இரண்டாவது பருவத்துக்குப் பின் 26 சதவீதம். இந்தக் கணக்கின் துல்லியம் பற்றிப் பின்னாளில் விவாதங்கள் வந்திருக்கின்றன. பெரிய இன நாய்களுக்கு மிகச் சீக்கிரம் கருத்தடை செய்வதால் மூட்டுத் தொல்லைகள் வரக்கூடும் என்றும் சொல்கிறார்கள். எனவே எந்த வயதில் என்பதை நாயின் இனத்தைப் பார்த்து மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ‘ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெண் நாய்க்கு நல்லது’ என்ற நம்பிக்கைக்கு மட்டும் ஆதாரம் இல்லை.

வந்துவிட்ட மடிக் கட்டிக்கு முதல் சிகிச்சை அறுவைதான். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது எடுத்துவிட்டால் பலன் நன்றாக இருக்கும். கத்தி வைப்பதற்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுப்பது, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான். ‘கட்டி மடியில், எக்ஸ்ரே மார்பில் எதற்கு?’ என்று அதைத் தவிர்க்கக் கூடாது.

பிதுக்கக் கூடாத கட்டி

மாஸ்ட் செல் கட்டி நாய்களின் தோல் புற்றுகளில் முக்கியமானது. பாக்ஸர், பக், லேப்ரடார் இனங்களில் அதிகம். மரு போலவும், கொசுக்கடித் தடிப்பு போலவும், கொழுப்புக் கட்டி போலவும் வேடம் போடும். இன்று பெரிதாகி, நாளை சிறிதாகும். சிறிதானதைப் பார்த்து வீட்டினர் நிம்மதி அடைந்துவிடுவார்கள்.

இந்தக் கட்டியின் செல்களுக்குள் ஹிஸ்டமின் நிரம்பியிருக்கும். உண்ணி என்று நினைத்துக் கிள்ளினாலோ, சீழ்க்கட்டி என்று நினைத்துப் பிதுக்கினாலோ அது வெளியேறி, சுற்றிலும் வீங்கிச் சிவக்கும். வாந்தியும் வயிற்றுப் புண்ணும் வரலாம். பெயர் தெரியாத எந்தக் கட்டியையும் பிதுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து அகலமாக வெட்டி எடுப்பது இதற்கான சிகிச்சை. முன்கூட்டியே பெயர் தெரிந்திருந்தால்தான் எவ்வளவு அகலமாக வெட்டுவது என்று அறுவை மருத்துவர் திட்டமிட முடியும்.

ஒரு வருடம் என்பது எவ்வளவு?

தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் என்று பல இடங்களில் வலியில்லாத வீக்கம், அதுவும் இருபுறமும் ஒரே மாதிரி என்றால், அது நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். லிம்ஃபோமா என்பார்கள். சிகிச்சையே கொடுக்காவிட்டால் பெரும்பாலும் ஓரிரு மாதங்கள்தான். பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கீமோதெரபியில் பெரும்பாலான நாய்களுக்கு வீக்கம் வடிந்து, நோய் அடங்கிவிடும். பரவலாகக் காணப்படும் வகையில் சராசரியாக ஒரு வருடம் கிடைக்கிறது. சில நாய்கள் அதைத் தாண்டியும் வாழும். நிரந்தரமாகக் குணமாவது அரிது.

‘ஒரு வருடத்துக்காகவா இவ்வளவு?’ என்று கேட்பவர்கள் உண்டு. பத்து, பன்னிரண்டு வருடமே ஆயுள் உள்ள ஜீவனுக்கு ஒரு வருடம் சின்னக் கணக்கில்லை. வேண்டாம் என்று முடிவெடுப்பதும் தவறில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீக்கத்தைப் பார்த்ததும் சோதனை செய்யாமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் இரண்டே நாளில் வீக்கம் குறையும். நாய் தெம்பாகிவிடும். ஆனால், அதன் பிறகு எடுக்கும் சோதனையில் நோய் சரியாகப் பிடிபடாமல் போகலாம். பின்னால் கொடுக்கும் கீமோ மருந்தும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். முதலில் ஊசிச் சோதனை, பிறகுதான் ஸ்டீராய்டு.

நொண்டலுக்கு எண்ணெய் தேய்க்கும் முன்

ராட்வைலர், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற பெரிய நாய்கள் திடீரென்று நொண்ட ஆரம்பித்தால், ‘சுளுக்கு’ என்று எண்ணெய் போட்டு நீவிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஓரிரு வாரம் கடந்தும் நொண்டல் குறையாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எலும்புப் புற்று அந்த வடிவில்தான் ஆரம்பிக்கும். அரிக்கப்பட்ட எலும்பை அழுத்தி நீவினால் முறிந்துவிடவும் கூடும்.

இதற்குக் காலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது வீடே அழும். ‘மூன்று காலோடு எப்படி வாழும்?’ மனிதர்கள் அப்படி நினைக்கிறார்கள். நாய் நினைப்பதில்லை. தினமும் தின்றுகொண்டிருந்த வலி போனதும், மற்ற மூட்டுகள் நன்றாக உள்ள பெரும்பாலான நாய்கள் சில நாள்களிலேயே மூன்று காலில் நடக்கக் கற்றுக்கொள்கின்றன. காலை எடுப்பதோடு நிறுத்தினால் சராசரியாக நான்கைந்து மாதங்கள். கீமோவும் சேர்ந்தால் பத்து மாதம் முதல் ஒரு வருடம்.

கீமோ என்றால் முடி கொட்டுமா?

மனிதர்களுக்குக் கீமோ கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், ‘அந்த வேதனை வாயில்லா ஜீவனுக்கு வேண்டாம்’ என்கிறார்கள். அந்தப் பரிவு நியாயமானது. ஆனால், நாய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, நோக்கமும் வேறு. நாயிடம் ‘கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்’ என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால், சிகிச்சைக் காலத்திலும் அது நன்றாகச் சாப்பிட வேண்டும், விளையாட வேண்டும் என்ற நோக்கத்தோடு அளவைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலான நாய்களுக்கு முடி கொட்டாது. மீசை முடி உதிரலாம். பூடில், ஷிட்ஸு போல முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்கு மட்டும் நன்றாகவே கொட்டும். ஓரிரு நாள் வாந்தி, பேதி, பசியின்மை வரலாம். மருந்து போட்ட ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நாள்களில் நாய் சோர்ந்து படுத்து, உடல் கொதித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒவ்வொரு முறை மருந்துக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

வீட்டினரும் தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து போட்ட இரண்டு, மூன்று நாள்களுக்கு நாயின் சிறுநீர், மலம், வாந்தியைக் கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சிறு பிள்ளைகள் அந்த வேலையில் இறங்கக் கூடாது. கீமோ மாத்திரையை உடைப்பதோ பொடிப்பதோ கூடாது.

இன்னொன்று, வலியில் இருக்கிறதே என்று வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, கல்லீரல் பாதிப்பு என்று உயிருக்கே உலை வைக்கும். நாய்களுக்கென்றே பாதுகாப்பான வலி மருந்துகள் இருக்கின்றன.

கேட்க வேண்டிய கேள்விகள்

சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் ஆகியவை பொதுமக்களின் நாய்களையும் பார்க்கின்றன. அருகில் உள்ள மருத்துவர் சொன்னதை உறுதி செய்துகொள்ள இங்கே காட்டலாம். போகும்போது பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே, கொடுத்த மருந்துகளின் பட்டியல் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

எங்கே காட்டினாலும் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். கட்டியின் பெயர் என்ன? பரவியிருக்கிறதா? சிகிச்சை கொடுத்தால் எவ்வளவு காலம், கொடுக்காவிட்டால் எவ்வளவு காலம்? எத்தனை முறை வர வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு? கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள்தான் அதிகம். பாதி வழியில் பணம் தீர்ந்து சிகிச்சை நிற்பதைவிட, முதலிலேயே கேட்டு, முடிந்ததைத் திட்டமிடுவது நாய்க்கு நல்லது. முழுச் சிகிச்சைக்கு வழியில்லை என்றால் வலியைக் குறைத்து, பசியைத் தூண்டி, புண்ணைச் சுத்தமாக வைத்து, இருக்கும் நாள்களை இதமாக்கும் சிகிச்சையும் உண்டு. அதுவும் சிகிச்சைதான். அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாயைக் கைவிட்டவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

நல்ல நாள், கெட்ட நாள்

எதுவரை சிகிச்சை, எப்போது போதும் என்பதுதான் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத கேள்வி. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்காக ஓர் அளவுகோலை உருவாக்கினார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம் ஆகியவற்றோடு, கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமாக இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்கிறது அது.

இதை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரிலேயே செய்யலாம். நாய் தானாக எழுந்து, சாப்பிட்டு, வாசலுக்கு வந்து வாலாட்டிய நாளுக்கு ஒரு டிக். சாப்பிடாமல், மூச்சிரைத்து, இரவெல்லாம் இடம் மாறி மாறிப் படுத்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. தாத்தாவும் பாட்டியும் பிள்ளைகளும் சேர்ந்தே குறிக்கலாம். மனது சொல்லும் கணக்கு ஏமாற்றும். ‘நேற்று கொஞ்சம் பால் குடித்ததே’ என்று அது பிடித்துக்கொள்ளும். காலண்டர் ஏமாற்றாது.

பெருக்கல் குறிகள் டிக்குகளை மிஞ்சி, மருத்துவரும் வலியைக் கட்டுப்படுத்த வழியில்லை என்று சொன்னால், கருணை மரணம் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். முதலில் மயக்கம், பிறகு ஊசி. நாய் தூங்குவதுபோலவே போய்விடும். பிள்ளைகளிடம் ‘ஊருக்கு அனுப்பிவிட்டோம்’ என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் குணமாகாத நோய் வந்தது, வலிக்காமல் இருக்க டாக்டர் உதவினார் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். கடைசி நிமிடத்தில் வீட்டார் ஒருவராவது பக்கத்தில் இருந்து, பழக்கமான குரலில் பெயர் சொல்லித் தலையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும்.